பொலிகாளையின் தகுதி: வம்சப் பதிவேட்டிலிருந்து கன்றின் எடைக்கு

அரபுக் கல்லூரிகளில் ‘கிதாபுல் புயூஉ’ எனும் வணிகப் பகுதியைப் பாடம் நடத்துகையில், மாணவர்கள் முதலில் புன்னகையோடும் பின்னர் ஐயத்தோடும் எதிர்கொள்ளும் சட்டம் ஒன்றுண்டு. ஆண் விலங்கை இனச்சேர்க்கைக்கு விட்டு அதற்கு விலை பெறுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற செய்தி, இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ‘அஸ்புல் ஃபஹ்ல்’ என்பது இதற்கு ஃபிக்ஹ் நூலார் வழங்கும் பெயர். கிலாப் குலத்தவர் ஒருவர் இது குறித்து வினவியபோது நபியவர்கள் தடுத்ததையும், விலை பேசாமல் மரியாதையாகத் தரப்படும் அன்பளிப்பை மட்டும் அனுமதித்ததையும் அனஸ் (ரலி) வழியாகத் திர்மிதீ பதிவு செய்கிறார். ஷாஃபிஈ, ஹனஃபீ, ஹன்பலீ மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் விற்பனையையும் வாடகையையும் ஒருசேரத் தடுக்க, மாலிகீ அறிஞர்களோ காலத்தை அல்லது தடவையை வரையறுத்துக்கொண்டு வாடகைக்கு விடலாம் என்றனர்.

தடைக்கு அறிஞர்கள் கூறிய காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. விற்கப்படும் பொருள் மதிப்பிட இயலாதது, அளவு அறியப்படாதது, ஒப்படைக்கும் ஆற்றல் விற்பவர் கையில் இல்லாதது. சினை பிடிக்குமா என்பதை எவரும் உறுதியளிக்க முடியாது. பிடித்தாலும் பிறக்கப்போகும் கன்று எத்தகையது என்பது திரைக்குப் பின்னால் இருக்கிறது. சட்டத்தின் நோக்கில் இது வணிகத்தில் ஐயப்பாடு பற்றிய செய்தி. ஆயினும் இதே அறியாமை கால்நடை வளர்ப்பின் வரலாற்றிலும் நடுநாயகமாக நிற்கிறது. பொலிகாளைக்குள் மறைந்திருப்பதை எந்தச் சாட்சியைக் கொண்டு அறிவது என்ற ஒரே கேள்விக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ 260 ஆண்டுகளாக விடை தேடியிருக்கிறார்கள். அத்தேடலில் இருமுறை பெரும் தவறு நேர்ந்தது. அவ்விரண்டையும் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் இறைச்சி மாட்டு மந்தையின் பொருளாதாரத்தைச் சுருக்கமாக விளங்கிக்கொள்ள வேண்டும். அங்கே பால் விற்பனை இல்லை. வசந்தத்தில் ஈன்ற கன்று கோடை முழுதும் தாயின் பாலையும் புல்லையும் உண்டு, ஆறேழு மாதத்தில் பால்மறக்கடிக்கப்பட்டு, எடைக்கு விலையாக விற்கப்படும். பண்ணையாளரின் ஓராண்டு வருமானம் அந்த ஒரு நாளின் தராசில் இருக்கிறது. ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்றே ஈனும். ஒரு பொலிகாளையோ ஏறத்தாழ 25 பசுக்களுக்கு விடப்படும். நான்கு பருவங்கள் உழைத்தால் நூற்றை நெருங்கும் கன்றுகளில் அதன் பாதி மரபு இறங்கிவிடும். அவற்றுள் கிடேரிகள் மந்தையிலேயே தாயாக நிற்பதால், காளை இறந்த பின்னும் அதன் குணம் நிற்கும். தவறான பசுவை வாங்கியவருக்கு ஒரு கன்று நட்டம். தவறான காளையை வாங்கியவருக்கு ஒரு தலைமுறை நட்டம்.

பழைய காலத்தில் இதற்குச் சாட்சிகள் இரண்டே: வம்சமும் கண்ணும். வம்சத்தை நினைவில் வைப்பதில் அரபிகளுக்கு இணையில்லை. குதிரைகளின் வம்சங்களுக்கென்றே ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஹிஷாம் இப்னுல் கல்பீ தனி நூல் செய்தார். அலெப்போவிலிருந்து 1704இல் இங்கிலாந்துக்குச் சென்ற ‘டார்லி அரேபியன்’ முதலான கீழ்த்திசைக் குதிரைகளின் வழித்தோன்றல்களைப் பதிவு செய்யவே 1791இல் ஆங்கிலேயர் குதிரை வம்சப் பதிவேட்டை வெளியிட்டனர். அதன் முன்மாதிரியில்தான் ஜார்ஜ் கோட்ஸ் 1822இல் ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கான பதிவேட்டை அச்சிட்டார். மாட்டினம் ஒன்றுக்கு எழுந்த முதல் பதிவேடு அது. பாலைவனத்துக் கூடாரத்தில் வாய்மொழியாக இருந்த ஒரு பழக்கம் டர்ஹாம் மாட்டுத் தொழுவத்தில் அச்சுநூலாக வந்து சேர்ந்ததை நம் வரலாற்று மாணவர்கள் அதிகம் கவனித்ததில்லை.

இதற்கு இரு தலைமுறைக்கு முன்பே, இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் டிஷ்லி என்னும் ஊரில் ஒரு குத்தகை விவசாயி வேறொரு வழியைக் கண்டிருந்தார். ராபர்ட் பேக்வெல் (1725–1795) என்பது அவர் பெயர். தந்தை மறைந்த 1760 முதல் சுமார் 440 ஏக்கர் பண்ணையைத் தம் பொறுப்பில் நடத்திய அவர், ஆட்டிலும் நீண்ட கொம்புடைய லாங்ஹார்ன் மாட்டிலும் நெருங்கிய உறவு விலங்குகளையே இணைத்து, விரைவில் சதைப்பற்றும் கொழுப்பும் ஏறும் இனத்தை உருவாக்கினார். தாம் வளர்த்த விலங்குகளின் எலும்புக்கூடுகளையும், உப்புநீரில் இட்ட இறைச்சித் துண்டுகளையும் வீட்டில் காட்சிக்கு வைத்து, தலைமுறைக்குத் தலைமுறை எலும்பு எவ்வளவு மெலிந்தது, கொழுப்பு எவ்வளவு தடித்தது என்று ஒப்பிட்டார். ‘டூபென்னி’ என்ற அவருடைய லாங்ஹார்ன் காளை அக்காலத்தில் பேர்போனது.

ஆனால் பேக்வெலின் மேதைமை இணைசேர்ப்பதில் மட்டும் இல்லை. அவர் கிடாக்களையும் காளைகளையும் பெரும்பாலும் விற்கவில்லை. பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். தொடக்கத்தில் ஒரு கிடாவுக்கு ஒரு கின்னிக்கும் குறைவாகவே கிடைத்தது. 1789ஆம் ஆண்டில் மூன்று கிடாக்களால் மட்டும் 1200 கின்னி ஈட்டினார் என்று குறித்திருக்கிறார்கள். வாடகையின் பொருள்லாபம் வெளியே தெரிந்தது. அதன் அறிவுலாபம் அவர் ஒருவருக்கே தெரிந்தது. பலருடைய பண்ணைகளில், பல வகை மேய்ச்சலில், பல வகைத் தாய்களிடம் ஒரே ஆண் விலங்கின் பிள்ளைகள் எப்படி வளர்கின்றன என்பதை நேரில் சென்று பார்த்து, பிள்ளைகளால் சிறந்து நின்ற தந்தையைத் திரும்பப் பெற்றுத் தம் பண்ணையில் பயன்படுத்தினார். காளையை அதன் முகத்தைக் கொண்டு மதிப்பிடாமல் பிள்ளைகளைக் கொண்டு மதிப்பிடும் முறை இங்கே கருக்கொண்டது. நம் ஃபிக்ஹ் நூலார் எந்த ஒப்பந்தத்தை அறியாமையின் பொருட்டுத் தடுத்தனரோ, அதே வாடகை ஒப்பந்தமே இங்கே அந்த அறியாமையைக் குறைக்கும் கருவியானது விந்தை. சட்டம் மாறிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வாடகைக்கு எடுத்தவரிடம் அறியாமை அப்படியே இருந்தது. அறிவு சேர்ந்ததெல்லாம் வாடகைக்கு விட்டவரிடம்.

அவர் எதையும் எழுதி வெளியிடவில்லை. அவருடைய லாங்ஹார்ன் மாடுகள் கொழுப்பில் வென்று பாலிலும் சினை பிடிப்பதிலும் தோற்றன. சில பத்தாண்டுகளில் ஷார்ட்ஹார்ன் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் வழியைப் பயின்ற சார்லஸ் கோலிங், ராபர்ட் கோலிங் எனும் உடன்பிறந்தார் டார்லிங்டன் அருகே ஷார்ட்ஹார்ன் இனத்தைச் செப்பனிட்டனர். சார்லஸ் கோலிங்கின் ‘காமெட்’ என்ற காளை 1810இல் கெட்டன் ஏலத்தில் 1000 கின்னிக்குப் போனது. அந்த விலையைத் தொட்ட முதல் காளை அதுவே. அதன் பிறப்பைச் சொன்னால் வாசகர் முகம் சுளிப்பர். ‘ஃபேவரிட்’ என்ற காளை தன் தாயிடமே ஒரு கிடேரியை ஈன்றது. பிறகு அந்தக் கிடேரியிடமே ‘காமெட்’டைப் பெற்றது. ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்க மரபியலாளர் செவால் ரைட் பதிவேட்டைக் கொண்டு கணக்கிட்டபோது, தம் காலத்து ஷார்ட்ஹார்ன் மாடு எதுவாயினும், ‘ஃபேவரிட்’டோடு அதற்குள்ள உறவு தந்தைக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவுக்குக் குறைந்ததன்று என்று தெரியவந்தது.

பேக்வெலிடமிருந்து பின்வந்தோர் இரண்டைப் பெற்றிருக்கலாம்: பிள்ளைகளைப் பார்த்துத் தந்தையைத் தேர்வது ஒன்று, வம்சத்தைத் தூய்மையாகக் காப்பது மற்றொன்று. முன்னது கடினம், பல பண்ணைகளும் பொறுமையும் வேண்டும். பின்னது எளிது, காகிதமும் மையும் போதும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் எளியதையே எடுத்துக்கொண்டன. 1846இல் ஹெர்ஃபோர்ட் இனத்துக்குப் பதிவேடு வந்தது. அமெரிக்காவில் ஹெர்ஃபோர்ட் சங்கம் 1881இலும் ஆங்கஸ் சங்கம் 1883இலும் அமைந்தன. பதிவேட்டில் தந்தையின் பெயரும் பாட்டனின் பெயரும் இருந்தன. கன்று எத்தனை பவுண்டு எடை வந்தது என்பதற்கு அதில் இடமே இல்லை.

மீதியைக் கண் பார்த்துக்கொண்டது. 1900 முதல் சிகாகோவில் ஆண்டுதோறும் நடந்த சர்வதேசக் கால்நடைக் கண்காட்சியில் நடுவர் ஒருவர் காளையைச் சுற்றிவந்து, முதுகைத் தடவிப் பார்த்து, பரிசளிப்பார். அவ்வாண்டின் பரிசுக்காளை எப்படி இருந்ததோ, அடுத்த பத்தாண்டு நாட்டின் மந்தைகள் அப்படி ஆக முயலும். நம்மூர்ச் சந்தைகளில் சுழி பார்த்து மாடு பிடிப்போரைப் படித்தவர்கள் ஏளனம் செய்வதுண்டு. சிகாகோ நடுவர் பார்த்ததும் வேறொரு வகைச் சுழிதான் என்பேன். 1930களிலும் 40களிலும் அந்தக் கண்ணுக்குப் பிடித்தது குட்டையான, கட்டுச்செட்டான, தரையை ஒட்டிய காளை. சிறு குடும்பங்கள் சிறு இறைச்சித் துண்டையே விரும்பின. குட்டை மாடு விரைவில் கொழுக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. மனிதனின் இடுப்பு உயரத்தைத் தாண்டாத வாகையர் காளைகளின் படங்கள் அக்காலத்து இதழ்களை நிறைத்தன.

அப்போது கன்றுகள் மூச்சுத் திணறிப் பிறக்கத் தொடங்கின. துருத்திய நெற்றி, குறுகிய முகம், முன்தள்ளிய கீழ்த்தாடை, உப்பிய வயிறு. மூச்சு விடும்போது குறட்டை போன்ற ஒலி எழுந்ததால் குறட்டைக் குள்ளம் என்றே அதற்குப் பெயரிட்டனர். பெரும்பாலானவை வளராமலே மடிந்தன. ஹெர்ஃபோர்ட், ஆங்கஸ் இரண்டிலும் இது பரவியது. காரணம் மறைந்து நிற்கும் ஒரு மரபுக்காரணி. தந்தை, தாய் இருவரிடமிருந்தும் வந்தால்தான் கன்று குள்ளமாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் விலங்கு நலமாகவே இருக்கும், ஆனால் அதைச் சுமந்து செல்லும். சுமந்து செல்வதோடு நில்லாமல், அத்தகைய விலங்கு சற்றே கட்டுச்செட்டாகவும் தோற்றமளித்தது என்றும், அதனால் நடுவரின் கண் தன்னையறியாமல் அக்காரணியையே தேர்ந்து பெருக்கியது என்றும் பின்னாளில் ஆய்வாளர் எழுதினர். நெருங்கிய உறவில் இணைசேர்ப்பது வழக்கமாகிவிட்ட இனங்களில் மறைந்திருந்தது வெளிப்பட அதிக காலம் பிடிக்கவில்லை.

அதன்பின் நடந்ததே இவ்வரலாற்றின் துயரப்பகுதி. பெயர்பெற்ற வளர்ப்பாளர்கள் தம் தொழுவத்தில் குள்ளம் பிறந்ததை வெளியே சொல்லத் தயங்கினர். சொன்னால் முழு மந்தையும் விலையிழக்கும். அறியாமல் அவர்களிடம் காளை வாங்கியவர் எளிய பண்ணையாளர். காகிதத்தில் சிறந்த வம்சம், கண்ணுக்கு அழகிய உடல், தொழுவத்தில் நான்குக்கு ஒன்று செத்த கன்று என்ற நிலை அவருக்கு நேரலாம். ஒரு காளை அக்காரணியைச் சுமக்கவில்லை என்று நிறுவும் வழி எளிய கணக்கு. குள்ளம் ஈன்ற பசுக்களோடு அதைச் சேர்த்து, தொடர்ந்து 16 கன்றுகள் நலமாகப் பிறந்தால் 100க்கு 99 உறுதி. தன் மகள்களோடே சேர்ப்பதாயின் 35 கன்றுகள் வேண்டும். அத்தனை கன்றுகளைச் சோதனைக்கென ஒதுக்க எத்தனை பேரால் இயலும்? கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நெற்றியின் வளைவை அளந்து கண்டுபிடிக்கக் கருவி ஒன்று செய்தார்கள். முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எதுவும் நம்பத்தக்கதாக அமையவில்லை. ஈற்றில், ஐயத்துக்குரிய பெயர் வம்சாவளியில் இருந்தாலே போதும் என்று குடும்பம் குடும்பமாக மாடுகளைக் கழித்தனர். எந்தப் பதிவேடு பெருமைக்குரியதாக இருந்ததோ அதுவே குற்றப்பட்டியலாயிற்று. நலமான காளைகள் எத்தனையோ பெயரின் பொருட்டு இறைச்சிக்கூடம் சென்றன.

இந்த அமளிக்கு இடையே, ஆரவாரமின்றி, மொன்டானா மாநிலத்தின் மைல்ஸ் சிட்டியில் சிலர் கன்றுகளை எடைபோட்டுக்கொண்டிருந்தனர். ஃபோர்ட் கீயோ என்பது 1876இல் எழுந்த படைமுகாம். பூர்வகுடியினரோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் மாண்ட ஒரு தளபதியின் பெயர் அதற்கு. பின்னர் படைக்குக் குதிரை வழங்கும் நிலையமாகி, 1924இல் வேளாண்துறையின் கைக்கு வந்தது. அங்கே 1934இல் ஒரே தந்தைக்குப் பிறந்த இரு ஹெர்ஃபோர்ட் காளைகளைக் கொண்டு ‘லைன் 1’ எனும் மந்தையைத் தொடங்கினர். அதன்பின் வெளிக்காளை எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. சோளத்தில் நெருங்கிய உறவுக் கிளைகளை உருவாக்கிப் பிறகு கலந்து பெருவிளைச்சல் கண்டது போல மாட்டிலும் காணலாம் என்பதே முதல் நோக்கம். அந்நோக்கம் பெரிதாகக் கைகூடவில்லை. உடன் தொடங்கிய மற்றக் கிளைகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. ஆனால் ஒவ்வொரு கன்றின் தந்தையையும் எடையையும் எழுதிவைத்த ஏடுகள் எஞ்சின. ஒரு பெரும் திட்டம் தோற்று, அதன் கணக்குப்புத்தகம் வென்ற நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

அவ்வேடுகளிலிருந்து பிராட்ஃபோர்ட் நாப், ஆர்னே நார்ட்ஸ்கோக் என்னும் இருவர் 1946இல் ஒரு கட்டுரை எழுதினர். வெவ்வேறு காளைகளின் மகன்களை ஒரே விதமாகத் தீனியிட்டு வளர்த்து, எடை வேறுபாட்டில் தந்தையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தனர். இதற்கான கணிதத்தை அயோவாவில் ஜே லஷ் ஏற்கெனவே வகுத்திருந்தார். விலங்கு இனவிருத்தித் திட்டங்கள் பற்றிய அவருடைய நூல் 1937இல் வந்தது. பால்மறந்த பிறகு தொட்டியில் தீனி தின்று ஏறும் எடையில் மரபின் பங்கு மிகப் பெரியது என்பது நாப், நார்ட்ஸ்கோக் இருவரின் முடிவு. அவர்கள் சொன்ன அளவு மிகையானது. பிந்தைய ஆய்வுகள், ஒரு வயது எடையின் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடும், பால்மறக்கும் எடையில் சுமார் கால்பங்கும் மரபுவழிப்பட்டவை என்று நிறுத்தின. அளவு குறைந்தாலும் அடிப்படை நின்றது: தராசு காட்டுவது தலைமுறைக்கு இறங்குகிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் பால்மோரியாவில் 1941 முதல் பல பண்ணைகளின் இளங்காளைகளை ஓரிடத்தில் சேர்த்து, ஒரே தீனியிட்டு, எடையேற்றத்தை ஒப்பிடும் சோதனை நடந்தது. அதன் வழியில் பல மாநிலங்களில் சோதனை நிலையங்கள் எழுந்தன. ஆனால் அங்கே காளை மட்டுமே தேர்வெழுதியது. அதன் கன்றுகள் எழுதவில்லை.

பண்ணையில் கன்றுகளை ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லாக் கன்றுகளும் ஒரே நாளில் பிறப்பதில்லை. முதல் ஈற்றுத் தாய்க்குப் பால் குறைவு. ஆகவே எடையை 205 நாள் வயதுக்குச் சரிசெய்யும் முறை வகுத்தார்கள். பிறப்பு எடையைக் கழித்து, மீதியை வயதின் நாள்களால் வகுத்து, 205ஆல் பெருக்கி, மீண்டும் பிறப்பு எடையைக் கூட்ட வேண்டும். தாய் இளையதாயின் ஈடு சேர்க்க வேண்டும். இரண்டு வயதுத் தாயின் காளைக்கன்றுக்கு 60 பவுண்டு, அதாவது 27 கிலோ, என்பது நெடுநாள் வழங்கிய அளவு. ஒரு காட்டு பார்ப்போம். பிறக்கும்போது 35 கிலோ இருந்த இரு காளைக்கன்றுகள். ஒன்று 230 நாளில் 240 கிலோ, தாய் முதிர்ந்தது. மற்றது 190 நாளில் 210 கிலோ. தாய்க்கு வயது இரண்டு. சந்தையில் முன்னதே 30 கிலோ கூடுதல். கணக்கிட்டால் முன்னது 218 கிலோ, பின்னது 251 கிலோ. கண் ஏமாந்தது மட்டுமன்று, சரிசெய்யாத தராசும் ஏமாற்றும் என்பதை இதனால் அறியலாம்.

இம்முறைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டதால் அவற்றை ஒருமுகப்படுத்த 1968இல் இறைச்சி மாட்டு மேம்பாட்டுக் கூட்டமைப்பு தோன்றியது. எஞ்சியது ஒரே தடை: மொன்டானாவில் புல் நன்கு விளைந்த ஆண்டின் கன்றையும் டெக்சாஸில் வறட்சியாண்டின் கன்றையும் எப்படி ஒப்பிடுவது? உறைவிந்தும் செயற்கைக் கருவூட்டலும் இதற்கு வழி திறந்தன. ஒரே காளையின் கன்றுகள் நூறு பண்ணைகளில் பிறந்தால், அக்காளையே அந்நூறு பண்ணைகளையும் இணைக்கும் பாலமாகிறது. பேக்வெல் வாடகைக்கு விட்டு நடந்து சென்று பார்த்ததை இப்போது தபாலில் வரும் எடைப்பட்டியல் செய்தது. லஷ் வளர்த்த அயோவாப் பள்ளியில் பயின்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஹெண்டர்சன், கன்று ஒவ்வொன்றையும் அதன் சொந்த மந்தையின் சமகாலக் கன்றுகளோடு ஒப்பிட்டு, தாய், உடன்பிறப்பு, மந்தை, ஆண்டு ஆகிய எல்லாவற்றின் பங்கையும் ஒரே வேளையில் பிரித்தெடுக்கும் சமன்பாடுகளை வகுத்தார். கணினி பெருகப் பெருக அவை நடைமுறைக்கு வந்தன. 1971இல் அமெரிக்க சிமென்டல் சங்கம் இறைச்சிக் காளைகளுக்கான முதல் தேசிய மதிப்பீட்டை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் இதையொத்த முறை 1985இல் தொடங்கியது.

அந்த மதிப்பீட்டு ஏடுகளில் ஒன்று என்னை வெகுவாக ஈர்த்தது. காளையின் கன்றுகள் எத்தனை பவுண்டு கூடுதலாக வரும் என்ற எண்ணுக்குப் பக்கத்தில், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட இன்னோர் எண்ணும் அச்சாகியிருக்கும். பத்துக் கன்றுகளின் எடையால் வந்த முடிவுக்கு ஒரு தரம். ஆயிரம் கன்றுகளால் வந்ததற்கு வேறு தரம். தனியொருவர் அறிவித்த செய்தியையும் பலர் வழியாக வந்த செய்தியையும் தரம்பிரித்துப் பழகிய ஹதீஸ் கலை மாணவனுக்கு அவ்விரண்டாம் எண்ணின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இனி இரண்டாம் தவறு. குட்டைக் காளையால் சூடுபட்டவர்கள் எடைக்கும் உயரத்துக்கும் பாய்ந்தனர். 1960களின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பேரினங்கள் கனடா வழியாக வரத் தொடங்கின. சிகாகோக் கண்காட்சியில் 1969இல் சார்லே கலப்பின மாடு ஒன்று முதற்பரிசு பெற்றதும் கண்ணும் திசை மாறியது. ஒரு தலைமுறைக்கு முன் இடுப்பளவு நின்ற இனங்கள் 1980களில் மனிதனின் மார்பைத் தாண்டி வளர்ந்தன. கன்றின் எடை உயர்ந்தது உண்மை. ஆனால் விரைந்து வளரும் கன்று கருவிலும் விரைந்தே வளர்கிறது. சிறிய ஹெர்ஃபோர்ட், ஆங்கஸ் பசுக்கள் பெருங்காளையின் கன்றைச் சுமந்து ஈன இயலாமல் தவித்தன. நெப்ராஸ்காவின் கிளே சென்டரில் 1969 முதல் நடந்த பல்லினச் சோதனை, எடை மிகுந்த இனங்களின் கன்றுகளுக்கு ஈற்றுத் தொல்லையும் மிகுதி, முதல் ஈற்றுக் கிடேரிகளில் அது மிகக் கடுமை என்பதை ஐயமறக் காட்டியது. கயிறு கட்டிக் கன்றை இழுத்தவர்கள், கன்றோடு தாயையும் இழந்தவர்கள், பிழைத்த தாய் மறுமுறை சினைப்படத் தாமதித்ததால் அடுத்த ஆண்டு வருமானத்தையும் இழந்தவர்கள் பலர். வம்சமும் அழகும் பொய்த்தபோது அவற்றை நம்பியவரைப் பழிக்கலாம். இங்கே பொய்க்காத தராசே துயரைத் தந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் அது விடை சொன்னது.

கோர்டன் டிக்கர்சனும் உடனாய்வாளர்களும் 1974இல் இதற்கு ஒரு தீர்வு சொன்னார்கள். ஒரு வயது எடையிலிருந்து பிறப்பு எடையின் 3.2 மடங்கைக் கழித்து, எஞ்சுவதைக் கொண்டு காளையைத் தேர்க. பிறக்கும்போது சிறியதாயும் பிறகு விரைந்து வளர்வதாயும் உள்ள கன்றே இதில் வெல்லும். இயற்கை ஒன்றாகக் கட்டிவைத்த இரண்டைப் பிரிக்கும் முயற்சி இது. ஃபோர்ட் கீயோவிலேயே ஒரு கலப்பு மந்தையில் இதை நடத்திப் பார்த்தார்கள். பிறப்பு எடை அதிகம் ஏறாமல் வளர்ச்சி கூடியது. முற்றிலும் அவிழாத முடிச்சு, தளர்ந்தது.

இவ்வளவு கணக்குக்குப் பின்னும், காளை தன் கடமையைச் செய்கிறதா என்ற எளிய கேள்வி ஒன்று நெடுங்காலம் கவனிப்பின்றிக் கிடந்தது. மருத்துவர்கள் அதற்கு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 15 மாதம் வரையுள்ள காளைக்கு விதைப்பையின் சுற்றளவு 30 செ.மீ.க்குக் குறையலாகாது, உயிரணுக்களில் 70 விழுக்காடேனும் குறையற்றவையாக இருக்க வேண்டும், கால், கண், குளம்பு நலம் வேண்டும். ஆயினும் பரந்த மேய்ச்சல் நிலத்தில் பல காளைகளை ஒன்றாக விடும் வணிக மந்தைகளில், எந்தக் கன்று எதன் பிள்ளை என்று எவரும் அறிந்ததில்லை. கலிஃபோர்னியாவின் மூன்று வணிகப் பண்ணைகளில் கன்றுகளின் மரபணுவைச் சோதித்துத் தந்தையைக் கண்டறிந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரு பருவத்தில் ஒரு காளைக்குச் சராசரியாக 19 கன்றுகள். ஆனால் ஒரு காளை 64 கன்றுகளுக்குத் தந்தையாகியிருக்க, ஒன்றுகூட இல்லாத காளைகளும் அதே புல்லை மேய்ந்திருக்கின்றன. சிறந்த எண்களைக் கொண்ட காளைக்குப் பெருவிலை கொடுத்தவர், அதன் கன்று ஒன்றையும் காணாமலே அதற்குத் தீனி போட்டிருக்கக்கூடும்.

மரபணுவைப் படிக்கும் அக்கலைக்கு அடித்தளமான மாட்டு மரபுத்தொகுதியின் முழுவடிவம் 2009இல் வெளியானது. உலகின் எத்தனையோ மாட்டினங்களுள் அதற்கெனத் தேர்ந்தது ‘டாமினெட்’ என்ற ஹெர்ஃபோர்ட் பசுவை. அது ஃபோர்ட் கீயோவின் லைன் 1 மந்தையில் பிறந்தது. 1934இன் இரு காளைகளின் மரபே தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பச் சேர்ந்ததால், அதன் இரு பெற்றோர்வழிப் பிரதிகளும் பெருமளவு ஒத்திருந்தன, படிப்பது எளிதாயிற்று. மரபணுச் சோதனையின் விலை அதன்பின் வெகுவாகக் குறைந்துள்ளது. எனினும் கன்றுக்குக் கன்று அதைச் செலவிட வேண்டும் என்பதால், கன்றை எடைக்கு விற்றுப் பிழைக்கும் பண்ணைகளில் இன்றும் பல, காளைகளை ஒன்றாக அவிழ்த்துவிட்டு, இலையுதிர்காலத்தில் தந்தை பெயர் தெரியாத கன்றுகளைத் தராசில் ஏற்றிக்கொண்டிருக்கின்றன.